எல்லைக் கடுக்காய் மரத்துக்கு ஒரு கன்று

1. தோல் ஷாப்பிலிருந்து வந்தவன்

ஜவ்வாது மலை நாற்றங்காலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பொறுப்பாளர் ஞானசேகரன் சார் என் உள்ளங்கையில் ஒரு கடுக்காயை வைத்தார்.

"இது இன்னான்னு தெரியுமா பாய்?"

"தெரியும் சார். கடுக்காய்."

"இத வெச்சி இன்னா பண்ணுவீங்க?"

"தோல்ல போடுவோம் சார்."

பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவரான மல்லிகா மட்டும், "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? நாமளும் விக்கத்தான் பொறுக்கறோம். இங்க வர்றதுக்கு முன்ன எவ மொளைக்க வெச்சிருக்கா?" என்று அவர்களை அடக்கினார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்று மாலை வரை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் வேலை செய்தேன்.

நான் வாணியம்பாடிக்காரன். பத்தாவது முடித்ததும் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தேன். கடுக்காய்த் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தோலை ஊறவைக்கும் தொட்டியில்தான் முதலில் வேலை. பிறகு ஷாப்பில் வேறு ரசாயன மருந்துகள் வந்தன. என் இரண்டு கைகளும் வெடித்தன. ஆறும், மறுபடி வெடிக்கும். இந்த வேலையை விட்டால்தான் தோல் ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலங்காயத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார். ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் நாற்றங்கால் இது. மலையில் இயல்பாக வளரும் மரங்களின் கன்றுகளை மட்டும் வளர்க்கிறோம். வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் கீழே இறங்கி, ஜும்மா தொழுகை முடித்து, சனிக்கிழமை காலை மேலே வந்துவிடுவேன். ஆட்களிடம் அதிகம் பேச வேண்டியிராத வேலை. அதனால் எனக்குப் பிடித்துப்போனது.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு விதை பாகத்தைக் காட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. நேரில் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

2. காட்டு மர விதை

வயல் விதை பழகியவர்களுக்குக் காட்டு மர விதை முதலில் புரிபடாது. சாமையையும் கேழ்வரகையும் நன்றாகக் காயவைத்து மூடி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு முளைக்கும். மரங்கள் அப்படி ஒரே மாதிரி இல்லை.

தலாரி மரத்து விதையைக் காயவைத்தாலே செத்துவிடும். மரத்திலிருந்து விழுந்த வாரமே மண்ணுக்குள் போக வேண்டும். பூவந்தி என்கிற சோப்புக்காயின் கொட்டையைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, அது ஆறும் வரை விட வேண்டும். வேங்கைக்கு வட்டமாக இறக்கை இருக்கும், அதைக் கத்தரித்தால் சீக்கிரம் முளை வரும். இவை எல்லாம் ஒரு பருவத்தில் பழகிவிடும்.

பழகாதது கடுக்காய். வெளியே தடித்த சதை. உள்ளே கல் மாதிரி கொட்டை. அதற்கும் உள்ளே இருக்கிறது பருப்பு. சதையை எடுக்காமல் போட்டால் மக்கி, பூஞ்சை பிடிக்கும். கொட்டையின் மழுங்கிய முனையைக் கட்டரால் லேசாகக் கிள்ளினால் தண்ணீர் உள்ளே போகும். கொஞ்சம் ஆழமாகக் கிள்ளினால் பருப்பு வெட்டுப்படும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்று இந்த மாதம் முளைக்கும், பக்கத்தில் இருப்பது மூன்று மாதம் கழித்து முளைக்கும். நடுவில் அணில் வந்து தோண்டித் தின்றுவிடும். பாத்தியின் மேல் கம்பி வலை போடாமல் கடுக்காய் விதைக்கக் கூடாது.

3. மூட்டையோடு வந்த கோவிந்தம்மா

நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, ஒரு தை மாதம், தலையில் மூட்டையோடு ஒரு பெண் வந்தார். பக்கத்து மலைக் கிராமம். பெயர் கோவிந்தம்மா. என் வயதுதான் இருக்கும். மூட்டையை இறக்கி அவிழ்த்தார். கடுக்காய்.

நான் அசந்துவிட்டேன். ஒவ்வொன்றும் பெரிது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், கெட்டியான வரிகள், ஒரு புழு ஓட்டை கிடையாது. தட்டினால் கல் மாதிரி சத்தம். ஷாப்பில் இப்படி ஒரு மூட்டை வந்திருந்தால் முதலாளியே எழுந்து வந்து பார்த்திருப்பார்.

"விக்க வர்ல," என்றார் கோவிந்தம்மா. "கன்னு போட்டுக் குடுக்கணும்."

"எத்தினி கன்னு வேணும்?" என்று மல்லிகா கேட்டார்.

"ஒண்ணு."

"ஒரு கன்னுக்கு ஒரு மூட்டையா? நம்ம கிட்டயே கடுக்காக் கன்னு இருக்குது. ஒண்ணு எடுத்துட்டுப் போயேன்."

"அது ஆவாது."

ஏன் ஆகாது என்பதைத் தரையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். அவருடைய நிலமும் அவர் கணவரின் அண்ணன் பெருமாளின் நிலமும் ஒரே சரிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நடுவில் கல் கிடையாது, வரப்பு கிடையாது. ஒரு பெரிய கடுக்காய் மரம்தான் எல்லை. மரத்தின் காய் ஒரு வருடம் அந்த வீட்டுக்கு, ஒரு வருடம் இந்த வீட்டுக்கு. கணவர் இறந்த பிறகும் அந்த முறை மாறவில்லை. மகளைப் படவேட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, நிலத்தை அவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மார்கழிக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்துவிட்டது.

"மரமே போச்சு, அப்புறம் இன்னா முறைன்றாரு பெருமாள் மாமா. குழிய மூடிட்டு நேரா ஏர் ஓட்டணுமாம். நேரா ஓட்டுனா ஓடையோரத்துத் துண்டு அவரு பக்கம் போய்டும். என் நெலத்துல ஈரம் நிக்கறதே அந்தத் துண்டுலதான்."

"அதுக்குத்தான் வேற கன்னு வைக்கச் சொல்றேன்," என்றார் மல்லிகா.

"வேற கன்னு வெச்சா, நீ வெச்ச கன்னு, உன் பக்கம் தள்ளி வெய்யின்னு சொல்லுவாரு. அந்த மரத்தோட கன்னுன்னா ரெண்டு வூட்டுக்கும் பொது. அத புடுங்க அவருக்குக் கை வராது. அந்தக் காயை வித்துத்தான் அவரும் வளந்தாரு."

சார் ஒரு காயைக் கையில் உருட்டிப் பார்த்தார். "கொஞ்சம் முந்தி எறக்கின மாதிரி இருக்குதும்மா. மரம் விழுந்துட்டதால வேற வழி இல்ல. போட்டுப் பாக்கலாம்."

சதையைத் தட்டி எடுத்து, கிள்ளி, ஊறவைத்து, நானே பாத்தியில் விதைத்தேன். வலை போட்டேன்.

4. முளைக்காத பாத்தி

சந்தைக்கு வரும்போதெல்லாம் கோவிந்தம்மா நாற்றங்காலுக்கு வருவார். பாத்தியின் ஓரத்தில் குந்திக்கொண்டு வலைக்குள்ளே பார்ப்பார்.

"இன்னும் தூங்குதா பாய்?"

நான் தலையை ஆட்டுவேன். அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பங்குனி முடிந்தும் ஒரு முளை இல்லை. சார் ஒரு பிடி கொட்டைகளைத் தோண்டி எடுத்துச் சுத்தியால் உடைத்தார். முதல் கொட்டைக்குள் பருப்பு காகிதம் மாதிரி சுருங்கியிருந்தது. அடுத்ததும் அப்படியே. உடைத்த எதிலும் பருப்பு முற்றியிருக்கவில்லை. அன்று கோவிந்தம்மாவும் இருந்தார்.

"இது வெதை இல்லம்மா," என்றார் சார் மெதுவாக. "இது சந்தைக்கு எடுத்த காய்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மலையில் கடுக்காயைப் பழுக்கவிட மாட்டார்கள். முற்றுவதற்கு முன்பே உலுக்கி, பாறையில் காயவைத்தால்தான் சதை கெட்டியாக, நிறம் மாறாமல் இருக்கும். ஷாப்புக்காரர்களும் மருந்துக்கடைக்காரர்களும் கேட்பது அந்தச் சதையைத்தான். உள்ளே பருப்பு முற்றியதா என்று யாரும் கேட்பதில்லை. பருப்பு முற்றிப் பழுத்து விழுந்து கறுத்ததை யாரும் வாங்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கோவிந்தம்மாவின் கை பொறுக்கிப் பழகியிருந்தது. சாய்ந்த மரத்திலிருந்து, நாற்றங்காலுக்கு என்று, அதே கை இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கியது.

"ஒண்ணொண்ணா பாத்துப் பாத்து எடுத்தேனே," என்றார் அவர்.

"கழிச்சத இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எத?"

"வேணாம்னு ஒதுக்கனது."

"அதுவா? புழு வெச்சது, கறுத்தது, மரத்தடியில கெடந்த பழங்கொட்டை, எல்லாத்தையும் அங்கயே கெளைக்கு அடியில தள்ளிட்டேன்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "நாளைக்கு அவரு அந்தத் தழையெல்லாம் கொளுத்தறாரு பாய். கோடை மழைக்கு முன்ன நெலத்த சுத்தம் பண்ணணும்னு சொன்னாரு."

மறுநாள் கன்று ஏற்ற வண்டி வருவதாக இருந்தது. சாரால் நகர முடியாது. "நீங்க போய்ட்டு வாங்க பாய்," என்றார். "போய் பெருமாள் கிட்ட விஷயத்த எடுத்துச் சொல்லுங்க."

முன்பின் தெரியாத ஒருவரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்வதைவிட, பாத்தி முழுவதையும் திரும்ப வெட்டச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்பேன்.

5. பீடி முடியும் வரைக்கும்

வெயில் ஏறுவதற்குள் நானும் கோவிந்தம்மாவும் அந்தச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மரம் சரிவில் தலைகீழாகக் கிடந்தது. வேர் பிடுங்கிய இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி. பெருமாள் தோளில் துண்டோடு காய்ந்த கிளைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரது?"

"நாத்தங்கா பாய்," என்று எனக்குப் பின்னாலிருந்து சொன்னார் கோவிந்தம்மா.

"தோலு பாய்தானே? கடுக்கா வாங்க வந்தீங்களா? மரமே படுத்துக்குச்சு பாய். வேற மலையப் பாருங்க."

வழியெல்லாம் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. கிளைக்கு அடியில் ஒரு மண் மேடு தெரிந்தது. கறையான் மண். அதில் இரண்டு விரலை விட்டுக் கிளறினேன். உள்ளே கொட்டைகள். சதை முழுவதையும் கறையான் தின்றுவிட்டு, கொட்டையை மட்டும் கழுவி வைத்ததுபோல விட்டிருந்தது. நான் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

"பாய், எந்திரிங்க. நெருப்பு வெக்கணும்."

"கொஞ்சம் பொறுங்க."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"கறையான் தின்ன மிச்சத்த பொறுக்கறாரு. ஷாப்புல இப்ப இதையும் வாங்கறாங்களா?" என்று பெருமாள் கோவிந்தம்மாவைக் கேட்டார்.

"கன்னு போட மாமா."

"எந்தக் கன்னு?"

"இந்த மரத்துக் கன்னு. குழியில வெக்க."

பெருமாள் குழியைப் பார்த்தார், பிறகு கோவிந்தம்மாவைப் பார்த்தார். "ஓ. எனக்குத் தெரியாம இவ்ளோ நடக்குதா இங்க?"

"தெரியாம இன்னா? உங்க கண்ணு முன்னாடிதானே பொறுக்கறாரு."

பெருமாள் சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, நெருப்பு வைக்க எடுத்த தீப்பெட்டியில் பீடி பற்றவைத்தார். "இது முடியற வரைக்கும்தான் பாய்."

பீடி முடிந்தது. நான் பாதி மேட்டைக்கூடத் தாண்டவில்லை. அவர் இன்னொன்று பற்றவைத்தார். அதை முடிக்காமல் ஒரு குச்சியோடு எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். என் குவியலைக் குச்சியால் கலைத்தார்.

"இது நம்ம மரம் இல்ல," என்று ஒரு கொட்டையை எடுத்துத் தூர வீசினார். "மேட்டுல ஒரு மரம் நிக்குதே, அதோடது. மழையில உருண்டு வர்ற கொட்டை. சின்னதா, கூர்ப்பா இருக்கும். நம்மளுது உருண்டையா, தொப்பை வெச்ச மாதிரி இருக்கும்." இன்னொன்றையும் வீசினார். "நல்லா பொறுக்கனீங்க போங்க. அடுத்த மரத்துக் கன்ன கொண்ணாந்து எங்க குழியில வெச்சிருப்பீங்க."

அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து பொறுக்கினோம். கோவிந்தம்மா முந்தானையில் கொட்டைகளை வாங்கிக் கட்டிக்கொண்டார். எழுந்தபோது பெருமாள் சொன்னார்:

"இந்தா பாரு கோவிந்தம்மா. வர்ற ஆடி வரைக்கும் குழிய மூடல. அதுக்குள்ள மொளைச்சா பாக்கலாம். மொளைக்கலன்னா நேராத்தான் ஓட்டுவேன். அப்புறம் அழக் கூடாது."

"நான் எப்ப மாமா அழுதேன்?"

நாங்கள் ஓடையைத் தாண்டிய பிறகு, பின்னால் புகை எழுந்தது.

6. ஆடிக்கு முன்பு

இந்த முறை சார் உடைத்துப் பார்த்ததில் பருப்பு வெள்ளையாக, நிறைந்திருந்தது. எல்லாவற்றிலும் இல்லை. சிலது சொத்தை. ஆனாலும் அவர் முகத்தில் தெளிவு வந்தது. கிள்ள வேண்டாம், கட்டர் தவறினால் போய்விடும் என்றார். கொட்டைகளைச் சாணிக் கரைசலில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் புளிக்கவைத்தோம். தினமும் சாக்கைத் திறந்து புரட்டிப் போடுவது என் வேலை. அந்தப் புளித்த நாற்றத்துக்கு மல்லிகா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார். எனக்கு அது தோல் ஷாப்புத் தொட்டியின் நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட முடிந்தது.

சித்திரைக் கடைசியில் விதைத்தோம். வைகாசி போனது. கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்தது. கோவிந்தம்மா வந்தார், பார்த்தார், போனார். இப்போது அவர் தூங்குதா என்று கேட்பதில்லை. ஆனி பிறந்தது. மலையில் எல்லாரும் ஏர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பாத்தியைக் கிளறிப் பார்க்க நினைத்து, கையை வலைக்குள் விட்டு, எடுத்துவிட்டேன். கிளறினால் முளை உடையும். கடுக்காய் விஷயத்தில் மிகக் கடினமான வேலை இதுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது.

ஒரு சனிக்கிழமை பஸ் இறங்கி வந்தேன். மல்லிகா வாசலிலேயே நின்றிருந்தார். "பையை வெச்சிட்டு வாங்க பாய்," என்று பாத்திக்குக் கூட்டிப் போனார். பாத்தியில் மண் ஓர் இடத்தில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் வளைந்த ஒரு முளை, சிவப்பாக, இன்னும் தலை நிமிராமல்.

அந்த வாரத்தில் இன்னும் சில வந்தன.

கோவிந்தம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். ஆனால் முதலில் வந்தவர் பெருமாள். வேப்பங்கன்று இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மலை மரம் இல்லாத வேம்பு இங்கே இருக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். சுற்றிப் பார்ப்பதுபோல நடந்து பாத்தியருகே வந்து நின்றார்.

"இதா?"

"இதான்."

"கீரை மாதிரி இருக்குது." குனிந்து பார்த்தார். "காய்க்க எத்தினி வருசம் ஆவும்?"

"ரொம்ப வருசம் ஆவுங்க."

"அதே மாதிரி பெரிய காய் காய்க்குமா?"

இதற்குப் பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆமாம் என்று சொன்னால் கோவிந்தம்மாவின் காரியம் சுலபமாக முடியும். ஆனால் சார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. விதையில் தாய் மரம் பாதிதான். பூவுக்கு மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ, அதன் குணமும் வரும். அதைச் சொன்னேன். "காய் சின்னதாவும் இருக்கலாங்க," என்றேன்.

பெருமாள் நிமிர்ந்தார். "எம் பையன்கூட என்ன மாதிரி இல்ல. வூட்ட வுட்டு தொரத்திட்டேனா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

7. குழி

அந்த ஆடியில் கன்றை நடவில்லை. அது விரல் உயரம்கூட இல்லை. ஒரு வருடம் பையில் வளர்ந்தால்தான் மலைச் சரிவில் நிற்கும் என்று சார் சொன்னார். அதற்குப் பெருமாள் என்ன சொல்வாரோ என்று கோவிந்தம்மா பயந்தார். அவர் குழியை மூடவில்லை. அந்தப் பட்டத்தில் இரண்டு நிலத்திலும் சாமை விதைத்தார்கள். நான் ஒரு முறை பார்க்கப் போனேன். இரண்டு பக்கத்து ஏரும் குழிக்கு நேராக வந்து, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போயிருந்தன.

மறு வருடம் மழை பிடித்ததும் நட்டார்கள். கோவிந்தம்மா பையைக் கிழித்து வேர் மண் கலையாமல் எடுத்தார். பெருமாள் குழிக்குள் இறங்கி வாங்கிக்கொண்டார். "கோணலா இருக்குது," "இல்ல, நேராத்தான் இருக்குது," என்று இருவரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். முறையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசத் தேவை இருக்கவில்லை.

புதிதாக விதை பாகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். விதை மூட்டை வந்தால் நிறத்தையும் பருமனையும் பார்த்து மயங்காதீர்கள். பொறுக்கிய கை எதற்காகப் பொறுக்கிப் பழகிய கை என்று கேளுங்கள். சந்தைக்குப் பழகிய கை சதையைப் பார்க்கும், மண்ணுக்கு வேண்டியது பருப்பு. அதனால் என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்க்கும் முன்பு, எதைக் கழித்தார்கள், அதை எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். முளைக்காவிட்டால் கொட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே நன்றாக இருந்தால் பாத்தியைக் கலைக்காமல் காத்திருங்கள். கன்று எப்படிக் காய்க்கும் என்று யாராவது கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

அந்தக் கன்று இப்போது கோவிந்தம்மாவின் இடுப்பு உயரம் இருக்கிறது. ஆடு கடிக்காமல் இருக்க இரண்டு வீட்டாரும் அவரவர் பக்கத்தில் முள் கட்டியிருக்கிறார்கள். ஓடைப் பக்கத்து முள் கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கிறது. மறுபக்கத்து முள்ளில் ஒரு கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாது. அது பெருமாள் கட்டியது.